ஆள் சாகாத ஒப்பாரி

அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இன்னும் முழுசாக விலகவில்லை. தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்து வீடுகளிலிருந்து பொம்பளைகள் கும்பலாக இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் முத்தம்மா அத்தை. எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

"யாரோ போயிட்டாங்க போலருக்கும்மா" என்றேன்.

அம்மா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். கும்பல் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. "வாங்க வாங்க, எங்க எல்லாரும் ஒண்ணாக் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. வருகிறவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போக வேண்டும். முத்தம்மா அத்தை அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், கழுத்துத் தாலியைப் பார்த்தாள். வந்த காரியத்தை எப்படிப் பாதியில் விடுவது என்று நினைத்தாளோ என்னவோ, அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஓவென்று ஆரம்பித்தாள்.

"யாரு செத்தான்னு சொல்லிட்டு அழுவுடி" என்றாள் அம்மா.

"ராமையாண்ணன் போயிட்டாராமே! எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ. நேத்து நோர்வூட் டவுன் பூரா ஒம் மவ வச்ச ஒப்பாரிதான் கேட்டுச்சு."

ராமையா என் அப்பா. அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரட்டையே தேய்ந்துபோகும் அளவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

தம்பியின் வாய்

என் தம்பி செல்வத்தைப் பற்றி எழுதாமலே இந்தத் தொடரை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். போன வாரம், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் நான் வேலை பார்த்த கதையை எழுதினாலும், வந்த கடிதங்களில் பாதி "நீங்கள் அந்த 'பெரட்டு' செல்வத்தின் அக்காதானே?" என்றே கேட்கின்றன. ஆமாம், அவனுடைய அக்காதான். கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், சொல்கிறேன்.

சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. செல்வம் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான். எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் பள்ளிக்கூடம் முடித்ததும் போகிற இடம் அதுதான். அங்கே இவனுக்கு ராப் பைத்தியம் பிடித்தது. தீபாவளிக்கு வந்தவன் அம்மாவுக்குப் பாடிக் காட்டினான். அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"இது பாட்டா? நம்ம கணக்கப்பிள்ள திட்டுற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அவனுக்கு அதுவே ஒரு யோசனையாகிவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும்போது கணக்கப்பிள்ளை போடுகிற சத்தத்தை அப்படியே எடுத்து ஒரு பாட்டுக் கட்டினான். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்று அரை நாள் சம்பளம், லேட்டாக வந்தால் திரும்பிப் போ, எல்லாம் அதில் இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்கிற பாட்டு இன்னொன்று, பாதி சிங்களம். அதைக் கேட்டுச் சிங்களப் பொடியன்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி ஒரு கசட் நிறையப் பாட்டுச் சேர்ந்தது. கசட்டுக்கு 'பெரட்டு' என்றே பேர் வைத்தான்.

ஸ்டூடியோவில்

கடைசிப் பாட்டுக்கு ஒப்பாரி வேண்டும் என்றான் செல்வம். தோட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பாட்டிமார்களைக் கேட்டுப் பார்த்தான். ஒருத்தியும் வரவில்லை. ஆள் சாகாமல் யார் ஒப்பாரி வைப்பாள்? எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் அதை முணுமுணுக்கக்கூட விடமாட்டார்கள். சின்ன வயதில் நான் விளையாட்டுக்கு ஒரு தடவை பாடி, அம்மா என் வாயிலேயே போட்டாள்.

"அக்கா, நீதான் பாடணும்" என்றான். எனக்குக் கொழும்பு பார்க்க ஆசை. போனேன்.

ஸ்டூடியோ என்றால் பெரிய கட்டடமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டின் பின்னறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே வியர்வையும் சிகரெட்டும் கலந்த வாடை. ஒலிப்பதிவு செய்தவர் ரொஷான் என்று ஒரு சிங்கள இளைஞர், நல்ல மனுசன். மைக்குக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார். எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

ஒப்பாரியை நின்றுகொண்டு பாட முடியாது. தனியாகவும் பாட முடியாது. ஆளுக்கு ஆள் தோளைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது வரும். கடைசியில் மைக்கைத் தரை வரைக்கும் இறக்கி, செல்வத்தை எனக்கு எதிரே உட்கார வைத்து, அவன் தோளைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த சிக்கல், யாருக்குப் பாடுவது? ஒப்பாரியில் பேர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். சும்மா காற்றைக் கூப்பிட்டு அழ முடியாது. அம்மாவை வைத்துப் பாட எனக்கு வாய் வரவில்லை. எதிரே தம்பி உட்கார்ந்திருக்கிறான். மிச்சம் இருந்தது அப்பா.

"என்னப் பெத்த அப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு நான் பாடினேன் என்று சொல்ல முடியாது, அதுவாக வந்தது. கடலைத் தாண்டிப் போனது வந்தது, கடுதாசி வராதது வந்தது, தம்பிக்கு அப்பா முகம் தெரியாதது வந்தது. ராமையா என்ற பேரும் வந்துவிட்டது. செல்வம் என் தோளில் அழுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொஷானும் மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நங்கி, தவ எக்க பாரக்" என்றார். தங்கச்சி, இன்னொரு தடவையாம்.

ஒப்பாரியை இன்னொரு தடவை பாடச் சொன்ன மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முடியாது என்று எழுந்துவிட்டேன். அதுதான் கசட்டில் இருக்கிறது.

பேப்பரில் மூதாட்டி

கசட் வந்த கொஞ்ச நாளிலேயே பேர் வாங்கிவிட்டது. ரேடியோவில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போட்டார்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கசட் கேட்டு ஆள் வந்தது. கொழும்பில் படித்தவர்கள் கூட்டம் போட்டு, இப்படி ஒரு இசை இந்த நாட்டில் வந்ததில்லை என்று பேசினார்கள்.

தோட்டப் பாடசாலையில் சிவபாலன் சேர் என்று ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து எங்களோடு நெடுங்காலம் தங்கிவிட்டவர். அவர் ஒரு இங்கிலீஷ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கே வந்துவிட்டார்.

"புஷ்பம், இஞ்ச பாரும். கடைசிப் பாட்டைத்தான் உச்சம் எண்டு எழுதியிருக்கினம். 'துயரத்தில் முதிர்ந்த ஒரு மூதாட்டியின் குரல்' எண்டு கிடக்கு."

எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூதாட்டி என்று பேப்பரில் போட்டால் எவன் வருவான்? சேர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

அம்மா மட்டும் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. எங்கள் லயத்து ரேடியோக்களில் பேட்டரி இருக்கிற நாளை விட இல்லாத நாள்தான் அதிகம். நானும் பாட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், அவள் கேட்கவில்லை. நோர்வூட்டில் நஸீர் நானாவின் கசட் கடை வாசலில் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் போட ஆரம்பித்த பிறகுதான் பாட்டு எங்கள் தோட்டத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதுவும் சம்பளச் சனிக்கிழமை. ஊரே கடைவீதியில் நின்று கேட்டது.

கொழும்பு அதைப் பாட்டு என்று கேட்டது. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தி என்று கேட்டார்கள். பெற்ற மகள் பேர் சொல்லி அழுகிறாள், பிறகென்ன சந்தேகம்?

பாஸ்போர்ட் சிக்கல்

அப்பா போனது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. செல்வம் அப்போது கைப்பிள்ளை. தோட்டத்து ஆட்கள் இந்தியா, இலங்கை இரண்டில் ஒரு நாட்டின் குடியுரிமையைக் கேட்டு எழுத வேண்டியிருந்த காலத்தில் அப்பாவின் குடும்பம் இந்தியாவுக்கு மனுப் போட்டது, அம்மாவின் வீட்டில் இலங்கைக்குப் போட்டிருந்தார்கள். அதெல்லாம் கலியாணத்துக்கு முந்திய கதை. கலியாணம் கட்டி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. போய் ஒரு இடத்தைப் பிடித்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார். பிறகு சண்டை மூண்டு கப்பலும் நின்றது. முதலில் கடுதாசி வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

சில வருசம் கழித்து, அப்பாவோடு போன ஒருவர் இங்கே இருந்த தன் தங்கச்சியைப் பார்க்க விசா எடுத்து வந்தார். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அவர் விசயத்தைச் சொன்னார். ராமையா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு பொம்பளை இருக்கிறாள், பிள்ளையும் இருக்கிறது.

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "அப்பாவுக்குப் பாஸ்போர்ட்ல ஏதோ சிக்கலாம். அதான் வர முடியலயாம்" என்று எங்களிடம் சொன்னாள்.

வந்தவர் லயம் லயமாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆகவே எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பதும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. யாராவது கேட்டால் பாஸ்போர்ட் சிக்கல் என்பாள் அம்மா, கேட்டவர்களும் "ஆமா, அந்த ஆபீசுல அப்பிடித்தான்" என்று தலையாட்டுவார்கள். என் வாழ்நாளில் பாதி இப்படியே போனது. எனக்கு அம்மா மேல் பரிதாபமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் வரும்.

சீனிப் பாக்கெட்

அது கசட்டுக்காக நான் பாடின ஒப்பாரிதான் என்று அன்றைக்குக் காலை விசயம் தெளிவானதும், அழ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டி தின்றுவிட்டுப் போனார்கள். துக்க வீட்டுக்கு என்று கொண்டு வந்த சீனியும் பிஸ்கட்டும்தான் பிரச்சினையாகிவிட்டது. கொண்டு வந்தவர்கள் திரும்பக் கொண்டுபோக மாட்டார்கள், அம்மா வீட்டுக்குள் எடுக்க மாட்டாள். ராத்திரி வரை வாசற்படியில் கிடந்தது. மழை வரும் போல இருந்ததால் நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

முத்தம்மா அத்தை மட்டும் போகவில்லை. அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"பார்வதி, நான் சொன்னா ஏசாத. ஆமான்னே சொல்லிடேன்."

"என்னா ஆமா?"

"செத்துட்டாருன்னு. ஊரே அப்பிடித்தானே நெனைக்குது. ஒரு கருமாதிய வச்சு முடிச்சிருவோம். எத்தன காலத்துக்கு நீ பாஸ்போட்டு பாஸ்போட்டுன்னு சொல்லிக்கிட்டு இருப்ப? புருசன் செத்தவளுக்கு நாலு பேரு எரக்கப்படுவாங்க. ஒனக்கு யாரு படுறா?"

அத்தை கெட்டவள் இல்லை. தன் புருசனைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, பெரட்டுக்கு நிமிர்ந்து போய்வருகிறவள். அவள் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தாலியைக் கழற்றினால் அவமானமும் சேர்ந்து கழன்றுவிடும். அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு அடுத்த ரொட்டியைத் தட்டினாள். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லமாட்டாளோ என்றும் பயந்தேன்.

அடுத்த வாரம் செல்வம் வந்தான். "செத்துட்டாருன்னே வச்சுக்கயேம்மா. பேப்பர்காரங்ககிட்ட நான் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"நீ வச்சுக்க" என்றாள் அம்மா.

அமரர் ராமையா

நோர்வூட்டில் இளைஞர் மன்றத்தார் செல்வத்துக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். அழைப்பிதழில் 'அமரர் ராமையா – பார்வதி தம்பதியரின் புதல்வர்' என்று அச்சடித்திருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அமரர் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

விழாவுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். காலையிலேயே குளித்து, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளை அழைப்பிதழைப் படித்திருப்பாள் போல. அம்மாவைப் பார்த்ததும் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள். அம்மா கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்தில் இருந்து லொறி பிடித்து வந்திருந்தார்கள். சிவபாலன் சேர்தான் தலைமை. செல்வத்தைப் புகழ்ந்து நெடுநேரம் பேசிவிட்டு, "இந்த மாபெரும் கலைஞனைப் பெற்றெடுத்த தாய், அமரர் ராமையா அவர்களின் துணைவியார்" என்று அம்மாவை மேடைக்கு அழைத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். செல்வம் காலில் விழுந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா இறங்கவில்லை. மைக்கைக் காட்டி, "இதுல பேசலாமா?" என்று சேரைக் கேட்டாள்.

"ஓமோம், பேசுங்கோம்மா" என்றார் சேர்.

அம்மா மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். மூச்சுச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எம் புருசன் சாகல" என்றாள். "கோத்தகிரியில இருக்காரு. அங்க ஒரு குடும்பம் இருக்கு, புள்ள இருக்கு. எனக்குத் தெரியும். இங்க உக்காந்திருக்கிற முக்காவாசிப் பேருக்கும் தெரியும். பாஸ்போர்ட்டுல ஒரு சிக்கலும் இல்ல."

யாரோ பின்னால் பழக்க தோசத்தில் கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சேர் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு அட்டன் டேசன்ல ஒரே ஒப்பாரி. கோச்சிப் பொட்டி ஒவ்வொண்ணுலயும் தலைய வெளிய நீட்டி ஏறுனவங்க அழுவுறாங்க, கீழ நிக்கிறவங்க அழுவுறாங்க. நான் அழுவல. திரும்பி வர்றேன்னுட்டுப் போற ஆளுக்கு எதுக்கு ஒப்பாரின்னு சும்மா நின்னேன். பிளாட்பாரத்துல அழுவாம நின்னவ நான் ஒருத்திதான்." பொன்னாடையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் மவ அழுதிருக்கான்றாங்க. நாடு பூரா கேட்டுருச்சு, நான் கேக்கல. புஷ்பம், மேல வா. இப்பப் பாடு."

மேடைக்குப் போனேன். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு மேடையிலேயே தரையில் உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டேன். தேயிலைச் சாயமும் புதுச் சேலைக் கஞ்சியும் சேர்ந்த வாசம் அடித்தது. யாரோ மைக்கை இறக்கி வைத்தார்கள். ஆரம்பித்தேன். செல்வம் பின்னால் கசட்டில் இருக்கிற தாளத்தைப் போடச் சொன்னான், அது ஒத்துவராமல் நிறுத்திவிட்டான்.

ஒப்பாரியில் அழுகை மட்டும் இருக்காது, ஏச்சும் இருக்கும். செத்தவனை ஏசாமல் எங்கள் பொம்பளைகள் ஒருநாளும் ஒப்பாரியை முடித்தது கிடையாது. என் ஒப்பாரியில் ஏச்சு இல்லை. அப்பாவை ஏசத்தக்க அளவு எனக்கு அவரைத் தெரியாது. நான் முடிக்கப் போகிற இடத்தில் அம்மா அடுத்த அடியை எடுத்தாள்.

"கப்பலேறிப் போன மன்னா – உனக்குக்
கடுதாசி போடக் கையில்லையா
மலையேறிப் பொழைக்கப் போனே – எனக்கு
மறுசேதி சொல்ல வாயில்லையா"

கட்டையான குரல். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த அடிகளைப் பத்திரிகையில் எழுத முடியாது. கோத்தகிரியில் இருந்த அப்பாவுக்கு அன்றைக்கு விக்கியிருக்கும். எங்கள் லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக எழுந்து மேடைக்கு வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழுதார்கள், நடுவில் சில அடிகளுக்குச் சிரித்தும் விட்டார்கள். விழா நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பிறகு இருந்த எதுவும் நடக்கவில்லை.

அந்தக் கசட்டைப் பற்றிப் பிறகும் நிறைய எழுதினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகவே வைத்ததாகச் சொன்னார்கள். செல்வம் இன்னும் இரண்டு கசட் போட்டான், அவை அவ்வளவாகப் போகவில்லை. எனக்கு அதெல்லாம் மங்கிவிட்டது.

மங்காதது மறுநாள் காலை. பீலிக்கரையில் அம்மாவும் முத்தம்மா அத்தையும் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "ஏன் பார்வதி, அந்தக் கோத்தகிரிக்காரி எப்பிடி இருப்பாளாம்?" என்று கேட்டாள்.

"நல்ல நெட்டையாம்" என்றாள் அம்மா.

"ஐயோ, அண்ணன் கட்டையாச்சே!"

"ஆமா. அண்ணாந்து பாத்துத்தான் சோறு கேப்பாரு போல."

அம்மா சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். மேடையில் பேசியதை விட்டால், அப்பா போனதற்குப் பிறகு அம்மா பாஸ்போர்ட் கதை இல்லாமல் அவரைப் பற்றி இன்னொரு ஆளிடம் வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.